ரிப்போர்ட் ‘நார்மல்’... தைராய்டு மாத்திரையை நிறுத்திவிடலாமா?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான். வழியெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை கூடவே வரும். அந்த பஸ்ஸில் இரண்டு பெண்கள் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒருவர் ராஜபாளையத்தில் நூற்பு மில்லில் ஷிஃப்ட் வேலை பார்ப்பவர். இன்னொருவர் அவருடைய மதினி, ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இரண்டு பேர் கையிலும் லேப் கவர்.

“எனக்கு 11 காட்டுது மதினி. போன தடவை 3தான் இருந்துச்சு. இந்த மாத்திரை கேக்கலபோல. டாக்டர் பவரைக் கூட்டித்தான் குடுப்பாரு.”

“எனக்கு 2.1. நார்மல்னு வந்துருச்சு. அதான் பத்து நாளா மாத்திரையவே விட்டுட்டேன். ஒண்ணும் செய்யல, நல்லாத்தான் இருக்கேன்.”

கற்பனைக் காட்சிதான். ஆனால், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர் இருக்கும் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும். சென்னை உட்பட 8 இந்திய நகரங்களில் 5,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் நடத்தப்பட்டு 2013-ல் வெளியான ஆய்வில், ஏறக்குறைய 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது. அதாவது, பத்துப் பேரில் ஒருவர்.

இந்த இரண்டு பெண்களும் ரிப்போர்ட்டை ஸ்கூல் மார்க் ஷீட் போலப் படிக்கிறார்கள். ஒருவர் பாஸ், ஒருவர் ஃபெயில். ஆனால், மாத்திரை சாப்பிடுபவரின் ரிப்போர்ட்டை அப்படிப் படிக்கக் கூடாது. மாத்திரையை எப்படிச் சாப்பிட்டார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

டி.எஸ்.ஹெச் என்பது சூப்பர்வைசரின் சத்தம்

ரிப்போர்ட்டில் முதலில் எல்லோரும் தேடுவது டி.எஸ்.ஹெச். பலரும் இதைத் தைராய்டு ஹார்மோன் என்றே நினைக்கிறார்கள். அது தைராய்டு சுரப்பதில்லை. மூளைக்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு அது.

ஒரு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். நூல் உற்பத்தி குறைந்தால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். உற்பத்தி சரியாக இருந்தால் அமைதியாக இருப்பார். தேவைக்கு மேல் குவிந்தால் வாயே திறக்க மாட்டார். தைராய்டு சுரப்பிதான் மில். அது சுரக்கும் டி4 ஹார்மோன்தான் நூல். பிட்யூட்டரிதான் சூப்பர்வைசர். அவர் போடும் சத்தத்தின் அளவுதான் டி.எஸ்.ஹெச்.

அதனால்தான் கணக்கு தலைகீழாக இருக்கிறது. டி.எஸ்.ஹெச் ஏறினால் உடம்பில் ஹார்மோன் பற்றவில்லை, இறங்கினால் அதிகமாகிவிட்டது. பெரும்பாலான லேப்களில் பெரியவர்களுக்கான நார்மல் அளவு சுமார் 0.4 முதல் 4 வரை. லேபுக்கு லேப் இது கொஞ்சம் மாறும் என்பதால், உங்கள் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும் அளவோடுதான் ஒப்பிட வேண்டும்.

நாம் சாப்பிடும் லெவோதைராக்ஸின் மாத்திரை வேறொன்றுமில்லை, அதே டி4தான். சுரப்பி தர முடியாததை மாத்திரை தருகிறது.

‘நார்மல்’ என்றால் குணமாகிவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. மதினிக்கு வந்த 2.1, மாத்திரை சரியாக வேலை செய்கிறது என்பதற்கான சாட்சி. கண்ணாடி போட்டுக்கொண்டு எழுத்து தெளிவாகத் தெரிந்தால், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடுவோமா?

‘பத்து நாளா விட்டுட்டேன், ஒண்ணும் செய்யல’ என்பதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. டி4 ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள்கள் ஆகும். பழைய இருப்பு மெதுவாகத்தான் கரையும். அதனால் நிறுத்திய முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. சில வாரங்கள் கழித்து அசதி, மலச்சிக்கல், முடி உதிர்தல், எடை கூடுதல், மாதவிலக்கில் மாற்றம் என ஒவ்வொன்றாக வரும்போது, மாத்திரையை நிறுத்தியதே மறந்துபோயிருக்கும். ‘வயசாகுதுல்ல’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்கள்.

அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில், தைராய்டு குறைபாட்டுக்கு முக்கியக் காரணம் உடலின் எதிர்ப்பு சக்தியே சுரப்பியைத் தாக்குவதுதான். ஜப்பானிய டாக்டர் ஹகாரு ஹஷிமோட்டோ 1912-ல் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அப்படிப் பழுதான சுரப்பி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. கூடுதலாக அயோடின் சேர்த்துக்கொள்வதாலும் சரியாகாது.

ஆயுள் முழுக்க மாத்திரையா என்று மலைப்பவர்களுக்கு ஒரு பழைய கதை. 1891-ல் இங்கிலாந்து டாக்டர் ஜார்ஜ் முர்ரே, கடுமையான தைராய்டு குறைபாட்டோடு வந்த 46 வயதுப் பெண்ணுக்கு, ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றைக் கொடுத்தார். அந்தப் பெண் 28 ஆண்டுகள் அதை விடாமல் எடுத்துக்கொண்டு 74 வயது வரை வாழ்ந்தார். அதற்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. இன்று அதே வேலையைக் காலையில் ஒரு சின்ன மாத்திரை செய்துவிடுகிறது.

பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் தைராய்டு அழற்சி போன்ற தற்காலிகக் குறைபாடுகளில் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பதுண்டு. அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். லேப் ரிப்போர்ட் அல்ல.

11 என்று வந்தால்..?

இப்போது மில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு வருவோம். இவருடைய ரிப்போர்ட்டில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஃப்ரீ டி4 நார்மல். சூப்பர்வைசர் கத்துகிறார், ஆனால் நூல் இருப்பு சரியாக இருக்கிறது. இது எப்படி?

டாக்டர்களுக்குப் பழக்கமான காட்சிதான் இது. நைட் ஷிஃப்ட் வாரங்களில் மாத்திரை விட்டுப்போயிருக்கும். டெஸ்ட் வருகிறது என்றதும் கடைசி வாரம் மட்டும் ஒழுங்காகப் போட்டிருப்பார். டி4 சீக்கிரம் ஏறிவிடும். டி.எஸ்.ஹெச் இறங்கப் பல வாரங்கள் ஆகும். ரிப்போர்ட் இரண்டையும் சேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இதை டாக்டரிடம் சொல்லாமல் மறைத்தால் என்ன ஆகும்? அவர் டோஸைக் கூட்டுவார். பயந்துபோய் அந்தப் பெரிய டோஸைத் தினமும் தவறாமல் சாப்பிடுவார். இப்போது ஹார்மோன் அதிகமாகும். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை வரும். நீண்ட நாள் அப்படியே போனால், வயதானவர்களுக்கு இதயத்துடிப்பு சீர்குலையலாம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு பலவீனமாகலாம். ‘நடுவுல பத்துப் பன்னிரண்டு நாள் விட்டுட்டேன் டாக்டர்’ என்ற ஒரு வரி இதையெல்லாம் தடுத்துவிடும்.

மாத்திரையைத் தவறாமல் போட்டும் டி.எஸ்.ஹெச் ஏறியிருந்தால், அது உடம்பில் சேரவில்லையோ என்று பார்க்க வேண்டும்.

* கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் சில ஆன்டாசிட்களும் தைராய்டு மாத்திரையைக் குடலிலேயே தடுத்துவிடும். குறைந்தது 4 மணி நேர இடைவெளி வேண்டும்.

* வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் போட வேண்டும். காபி, டீ, பால், டிபன் எல்லாம் அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குத் தடையில்லை; மாத்திரை போட்ட கையோடு வேண்டாம், அவ்வளவுதான்.

* நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் ‘காலை’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தவிக்க வேண்டாம். சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, தூங்கப்போகும் முன் போடுவதும் ஏற்கப்பட்ட முறைதான். டாக்டரிடம் பேசி, உங்கள் ஷிஃப்டுக்கு ஒத்துவரும் ஒரு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

* அடுப்புக்குப் பக்கத்து அலமாரி, வெயிலில் நிற்கும் வண்டி... இங்கெல்லாம் பாட்டிலை வைக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும்.

* கம்பெனி மாறியிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 6 முதல் 8 வாரங்களில் மறுபடி டெஸ்ட் எடுத்துப் பார்ப்பது நல்லது.

ரத்தம் கொடுக்கும் நாளில்...

டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரங்கள் கழித்துத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும். இரண்டே வாரத்தில் எடுத்தால், பாதி வழியில் இருக்கும் எண்ணைப் பார்த்துவிட்டுப் பயப்படுவோம். டோஸ் நிலையாகிவிட்டால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை போதும்.

டெஸ்ட் அன்று ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போடுங்கள். போட்டுவிட்டுப் போனால், அடுத்த சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 தற்காலிகமாக ஏறிக் காட்டும். டி.எஸ்.ஹெச்சும் இரவில் அதிகமாகவும் பகலில் குறைவாகவும் இருக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே லேபில் கொடுங்கள்.

முடி, நகம் வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். சில வகைக் கருவிகளில் பயோட்டின் டெஸ்ட்டையே குழப்பிவிடும். டி.எஸ்.ஹெச் குறைவாகவும் டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். குறைந்தது 2 நாள்களுக்கு முன்பே அதை நிறுத்திவிட்டு, லேபிலும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு லேப் ரிப்போர்ட்களை ஒப்பிடும்போது யூனிட்டையும் பாருங்கள். ஃப்ரீ டி4-ஐ ஒரு லேப் நானோகிராம் கணக்கில் 1.2 என்று தரும். இன்னொரு லேப் பிகோமோல் கணக்கில் 15-க்கு மேல் தரும். இரண்டும் ஒன்றுதான். அதேபோல் டோட்டல் டி3, டோட்டல் டி4 எண்கள் கர்ப்பத்திலும் கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் ஏறிக் காட்டும். மாத்திரை சாப்பிடுபவருக்குப் பெரும்பாலும் டி.எஸ்.ஹெச், தேவைப்பட்டால் ஃப்ரீ டி4. இவையே போதுமானவை.

இவர்களுக்குக் கணக்கே வேறு!

கர்ப்பிணிகள்: கர்ப்பம் உறுதியானதுமே டோஸ் தேவை பலருக்கு 25 முதல் 30 சதவிகிதம் வரை கூடும். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஆரம்ப மாதங்களில் அம்மாவின் ஹார்மோன்தான் ஆதாரம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் இந்த நேரத்தில்தான் கொடுக்கப்படும் என்பதால், 4 மணி நேர இடைவெளியை மறக்கக் கூடாது.

முதியவர்கள்: வயது ஏற ஏற டி.எஸ்.ஹெச் இயல்பாகவே கொஞ்சம் உயரும. இளைஞர்களுக்கான எண்ணைத் துரத்திக்கொண்டு டோஸைக் கூட்டினால் இதயத்துக்குச் சுமை.

தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்தவர்கள்: சிலருக்கு டி.எஸ்.ஹெச்சை டாக்டர் வேண்டுமென்றே குறைத்து வைத்திருப்பார். ‘லோ’ என்று வந்ததும் பதறி மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

பிட்யூட்டரியில் பிரச்னை உள்ளவர்கள்: பிரசவத்தில் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்ட சிலருக்குப் பிட்யூட்டரியே பாதிக்கப்படலாம். சூப்பர்வைசருக்கே குரல் போன நிலை. இவர்களுக்கு டி.எஸ்.ஹெச் நார்மல் என்று காட்டினாலும் நம்ப முடியாது. ஃப்ரீ டி4-ஐ வைத்துத்தான் டோஸ் முடிவாகும்.

பஸ் நிற்கும் முன்...

ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அந்த இரண்டு பெண்களும் இறங்குவதற்கு முன் என்ன முடிவெடுக்க வேண்டும்?

மதினி, தான் மாத்திரையை நிறுத்தியதை இன்றே டாக்டரிடம் சொல்லி, அவர் சொன்னபடி மறுபடி தொடங்க வேண்டும். விட்ட நாள்களுக்கும் சேர்த்துத் தானாக இரண்டு மூன்றாகப் போடக் கூடாது. மில்லில் வேலை பார்ப்பவர், ரிப்போர்ட்டோடு ஒரு துண்டுச் சீட்டையும் டாக்டரிடம் கொடுக்க வேண்டும். அதில் நான்கே வரிகள்:

1. கடைசி இரண்டு மாதத்தில் எத்தனை நாள் மாத்திரை விட்டுப்போனது.

2. எந்த நேரத்தில், எதோடு சேர்த்துப் போடுகிறேன்.

3. வேறு என்னென்ன மாத்திரை, சத்து மாத்திரை, நாட்டு மருந்து சாப்பிடுகிறேன்.

4. டெஸ்ட் அன்று ரத்தம் கொடுக்கும் முன் மாத்திரை போட்டேனா, இல்லையா.

நெஞ்சுவலி, அடங்காத படபடப்பு, எழுப்பினாலும் தெளியாத அசதி என்றால் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மற்ற நாள்களில் லேப் கவரைப் பிரித்ததும், ‘ஹை’யா ‘லோ’வா என்று தேடுவதற்கு முன் அந்தத் துண்டுச் சீட்டை எழுதிவிடுங்கள். டோஸை மாற்ற வேண்டுமா, பழக்கத்தை மாற்ற வேண்டுமா என்று உங்கள் டாக்டர் முடிவு செய்ய, அந்த நான்கு வரிகளும் ரிப்போர்ட் அளவுக்கே முக்கியம்.