கள்ளிப்பழத்தை ஏன் தீயில் வாட்டுகிறோம்?

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத் தோட்ட வேலிகளில் சப்பாத்திக்கள்ளி பழுத்திருந்தால் தூரத்திலேயே தெரிந்துவிடும். தட்டின் விளிம்பில் வரிசையாகக் கருஞ்சிவப்புப் பழங்கள். நாகதாளி என்றும் சொல்வோம்.

நீள முள்ளுக்குப் பயப்பட வேண்டாம். அது கண்ணுக்குத் தெரிகிறது, விலகிக்கொள்ளலாம். பயப்பட வேண்டியது பழத்தோலில் புள்ளி புள்ளியாக இருக்கும் சுணைக்கு. மீனைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழுக்கும், வாலிலிருந்து தலைப் பக்கம் தடவினால் செதில் கையைத் தடுக்கும். மயிரிழை போன்ற சுணையிலும் அப்படிப் பின்னோக்கிச் சாய்ந்த செதில்கள் உண்டு. தோலுக்குள் வழுக்கிக்கொண்டு நுழையும், இழுத்தால் மாட்டிக்கொள்ளும். தேய்த்தால் இன்னும் ஆழமாகப் போகும்.

இதற்கு வழியும் அடுப்படியிலேயே இருக்கிறது. இறகு பிடுங்கிய கோழிக்கு மஞ்சள் பூசித் தீயில் வாட்டும்போது பூமயிர் பொசுங்குகிறது, கறி வேகாமல் நிற்கிறது. மெல்லிய இழை சூடேற ஒரு நொடி போதும். நீர் நிறைந்த சதைக்கு நேரம் பிடிக்கும். பழத்தைக் குச்சியில் குத்தித் தீயில் சுற்றும்போதும் இதுதான் நடக்கிறது. ஆடு மேய்க்கிற பிள்ளைகள் மண்ணில் புரட்டியே வேலையை முடித்துவிடுவார்கள். அதில் கொஞ்சம் சுணை மிஞ்சும்.

ஐரோப்பாவின் காட்டுரோஜாக் காய்க்குள்ளும் சுணை உண்டு. அங்கத்துப் பிள்ளைகள் அதை அடுத்தவன் சட்டைக்குள் போட்டு விளையாடுவார்கள். இரண்டாம் உலகப் போரில் ஆரஞ்சு கிடைக்காமல் போனபோது பிரிட்டனில் அதே காயைப் பொறுக்கி, சுணை போகத் துணியில் வடிகட்டி, வைட்டமின் சி-க்காகப் பாகு காய்ச்சினார்கள்.

நம் பிள்ளைகளுக்குக் கள்ளிப்பழம் உதட்டுச்சாயம். யார் நாக்கு அதிகமாகச் சிவந்தது என்று நீட்டிக் காட்டுவதில் பாதி மகிழ்ச்சி. பீட்ரூட்டில் இருக்கும் பீட்டாலைன் வகை நிறமிதான் இதிலும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகும். கள்ளிப்பழச் சாற்றில் பிழிந்தால் சிவப்பு சிவப்பாகவே இருக்கும். ஆனால் வெகுநேரம் கொதித்தால் வெளிறிவிடும். ஆகவே சர்பத்துக்குச் சர்க்கரைப் பாகைத் தனியே காய்ச்சி ஆறவைத்துவிட்டுச் சாற்றைச் சேர்ப்பதே சரி. குடித்தபின் சிலருக்குச் சிறுநீர் சிவந்து வரும்; அது இந்த நிறமிதான்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி இது. தென்னிந்தியாவில் நிலங்களை அடைத்து வளர்ந்துவிட்டதால், 1926-இல் அதை அழிக்க இலங்கையிலிருந்து ஒரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். சில ஆண்டுகளில் கள்ளிக்காடுகள் காய்ந்து சரிந்தன. தட்டில் வெள்ளைப் பஞ்சு ஒட்டினாற்போல் தெரிந்தால் அந்தப் பூச்சிதான். நசுக்கினால் அதுவும் சிவக்கும், ஆனால் அந்தச் சிவப்பு பழத்திலிருந்து வந்ததல்ல; பூச்சி தன் உடம்பிலேயே செய்துகொள்வது.

எனவே பஞ்சு பிடிக்காத தட்டாகப் பாருங்கள். பழத்தை இடுக்கியால் பிடித்துத் திருகுங்கள். வாட்டி, தோலைச் சீவி, நடுவே நட்சத்திர முள் இருக்கிறதா என்று பாட்டிமார் பார்க்கச் சொல்வதையும் பார்த்துவிட்டு, வாயில் போடுங்கள். கொட்டை கல்லாக இருக்கும், கடிக்க வேண்டாம்.