உங்களுக்குத் தெரியுமா? தேவைப்பட்டவர்களே செய்த, அவர்களுக்காகச் செய்த கருவிகள்

★ கணினித் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருளை 2006இல் எழுதத் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன். அவருக்குப் பார்வை கிடையாது; துணைக்கு வந்த நண்பருக்கும் கிடையாது. கணினியைத் தொட பார்வையற்றவர் மட்டும் ஏன் கூடுதலாகக் காசு கொடுக்க வேண்டும்? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததால் இன்றும் அது இலவசம். தமிழும் படிக்கும். குரல் முதலில் கரடுமுரடாக இருக்கும். காது பழகிய மாணவர்களோ நமக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் ஓடவிட்டுப் பாடம் கேட்பார்கள். பென்டிரைவில் போட்டுக்கொண்டால் போதும், பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ வேண்டியதில்லை.

★ யூடியூப் காணொளிகளில் தானாக வசனம் ஓடும் வசதி 2009இல் வந்தது. அதற்காக உழைத்த கூகுள் பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர்.

★ உதட்டசைவைப் பார்த்துப் பாடம் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு, ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிய நொடியே வகுப்பு நின்றுவிடுகிறது. பேசப் பேச எழுத்தாக்கிக் காட்டும் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி அந்த இடைவெளியை நிரப்புகிறது. 2019இல் வெளிவந்த இதன் பின்னணியில் இருப்பவர் டிமிட்ரி கனெவ்ஸ்கி. இவரும் சிறுவயதிலேயே செவித்திறனை இழந்தவர். கூட்ட இரைச்சலில் செயலி தடுமாறும். ஆசிரியரின் மேசையில் போனை வைப்பது நல்லது.

★ எழுத்தைப் படிப்பதில் சிரமப்படும் டிஸ்லெக்சியா மாணவருக்கு மைக்ரோசாஃப்டின் இம்மர்சிவ் ரீடர், ஆங்கிலச் சொற்களை அசை அசையாகப் பிரித்துக் காட்டும். ஒரு வரியை மட்டும் வெளிச்சமிட்டு மற்றவற்றை மங்கலாக்கும்.

★ பார்வையற்றோருக்காகப் புத்தகங்களை மாற்று வடிவில் தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. ஆண்டு 2014. இரண்டே ஆண்டுகளில் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் திறக்கப்பட்டது.

★ படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைக் குழந்தைக்காகப் பேசும் ஆவாஸ் செயலி நம் சென்னையில் உருவானது. பேச்சு வராத, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து அஜித் நாராயணன் இதைத் தொடங்கினார். தமிழிலும் பேசுகிறது. இதை வகுப்பில் வைத்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: ‘தண்ணீர்’, ‘பாத்ரூம்’ படங்களோடு நிறுத்திவிடாதீர்கள். ‘ஏன்?’, ‘புரியல’, ‘வேண்டாம்’ மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.