மார்ஃபினும் பலவீனமான இதயமும்

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் மாரடைப்பு நோயாளிக்கு மார்ஃபின் ஊசி போடுவது மருத்துவத்தில் பழைய வழக்கம். வலி அடங்கும், பதற்றம் தணியும். அதோடு அதன் வேலை முடிந்தது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

அந்த நினைப்பு மாறக் காரணமான சோதனையில் மார்ஃபினே இல்லை. 1986-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மரி, ஜென்னிங்ஸ், ரீமர் ஆகியோர் நாய்களின் இதயத் தமனி ஒன்றை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து விட்டார்கள். இப்படி நான்கு முறை. அதன்பின் ஒரேயடியாக 40 நிமிட அடைப்பு. இத்தனை தொல்லைப்பட்ட இதயம் கூடுதலாகத்தானே கெட்டிருக்க வேண்டும்? நேரடியாக 40 நிமிடம் அடைத்த நாய்களோடு ஒப்பிட்டால், இவற்றில் செத்த தசை கால்பங்குதான்!

காப்பாற்றியது எது? விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் காரெட் கிராஸ் குழுவினர் 1990-களின் நடுவில் எலிகளிடம் விடை தேடினார்கள். அபின் வகை மருந்துகளை முறிக்கும் நலோக்சோனைக் கொடுத்ததும் அந்தப் பாதுகாப்பு மறைந்தது. அதே அபின் வகையைச் சேர்ந்த மார்ஃபினைக் கொடுத்தாலோ, முன்கூட்டி அடைத்துத் திறக்காமலே பாதுகாப்பு கிடைத்தது. இதயத் தசையே அபினை ஒத்த என்கெஃபலின்களைத் தயாரிக்கிறது. அவற்றை ஏற்கும் டெல்டா ஏற்பிகளும் அந்தச் செல்களிலேயே இருக்கின்றன. மார்ஃபினும் அதே ஏற்பிகளைத்தான் தூண்டுகிறது.

அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும் முதல் சில நிமிடங்கள் பொல்லாதவை. அப்போது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வில் துளைகள் திறந்து, ஆற்றல் உற்பத்தி நின்று, செல் சாகிறது. ஏற்பியிலிருந்து கிளம்பும் சமிக்ஞை அந்தத் துளைகள் திறப்பதைத் தடுக்கிறது.

ஆனால் நல்ல ஆரோக்கியமான எலியின் இதயத்தைக் காப்பாற்றி என்ன பயன்? மருத்துவமனைக்கு வருவது பெரும்பாலும் முதுமையும் சர்க்கரை நோயும் சேர்ந்து களைத்த இதயங்கள். அவற்றில் சமிக்ஞைப் பாதைகளே பழுதுபட்டிருக்கும். சீன ஆய்வாளர்கள் டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தால் எலிகளுக்கு இதயச் செயலிழப்பை உண்டாக்கிப் பார்த்தார்கள். அங்கும் மார்ஃபின் சேதத்தைக் குறைத்தது. வழக்கமான பாதைகளில் ஒன்றை விட்டுவிட்டு, ஈ.ஆர்.கே. என்ற நொதியின் வழியாக. என்னைக் கேட்டால், இந்தத் துறையில் கவனிக்கத்தக்க முடிவு இதுதான்.

மனிதர்கள் விஷயத்தில் கதை சிக்கலாகிறது. 57,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க இதய நோயாளிகளின் விவரங்களை அலசிய 2005-ஆம் ஆண்டு ஆய்வில், மார்ஃபின் பெற்றவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. நோய் கடுமையானவர்களுக்கே அதைக் கொடுத்திருப்பார்கள் என்று வாதிடலாம். எனினும், மார்ஃபின் குடலை மந்தப்படுத்துவதால், ரத்தம் உறையாமலிருக்கத் தரும் டிகாக்ரெலோர் மாத்திரை உடலில் சேரத் தாமதமாகிறது என்பது சோதனையில் உறுதியான உண்மை. தவிர, எலிக்கு அடைப்புக்கு முன்பே மருந்து கொடுக்கலாம்; மனிதரோ அடைத்த பிறகுதான் ஆம்புலன்ஸில் வருகிறார்.

பைபாஸ் அறுவையில் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. இதயத்தை எப்போது நிறுத்தப்போகிறோம் என்பது மருத்துவருக்கு முன்பே தெரியும். ஹாங்காங் ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட சிறிய சோதனையில், ரெமிஃபென்டானில் என்ற அபின் வகை மருந்தை முன்கூட்டியே பெற்றவர்களின் ரத்தத்தில், தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோப்போனின் குறைவாகவே இருந்தது.