வாயில் நுழையாத நோய்ப் பெயர்: பிரித்தால் பொருள் விளங்கும்

கெடா மாநிலத்தில், செம்பனையும் ரப்பரும் விளையும் பீடோங் வட்டாரத்தின் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இயங்குகிறது. அங்கு மருத்துவம் பயிலும் மாணவர் 'லெப்டோஸ்பைரோசிஸ்' என்று படிக்கும் நோயைத் தமிழில் எலிக்காய்ச்சல் என்பர். மலாயில் அது 'கென்சிங் திக்குஸ்', அதாவது எலிச் சிறுநீர். பெயர் மூன்று, நோய் ஒன்றே.

லெப் – டோ – ஸ்பை – ரோ – சிஸ் என ஐந்து அசைகளாகப் பிரித்துச் சொன்னால் நாக்கு தடுமாறாது. நான்காவது அசையான 'ரோ'வில் அழுத்தம் கொடுக்க வேண்டும்.

இச்சொல் கிரேக்க வேர்களிலிருந்து அமைந்தது. 'லெப்டோ' என்றால் மெல்லிய. 'ஸ்பைரா' என்றால் சுருள். 'ஓசிஸ்' என்பது நோய் நிலையைக் குறிக்கும் விகுதி. ஆக, மெல்லிய சுருள் வடிவக் கிருமியால் வரும் நோய் என்பதே பொருள். 1907-ஆம் ஆண்டு இக்கிருமியைக் கண்ட அமெரிக்க மருத்துவர் ஸ்டிம்சன், அதன் வளைந்த நுனி கேள்விக்குறிபோல் இருந்ததால் அதற்கேற்பவே பெயரிட்டார்.

'ஓசிஸ்' வேறு, 'ஐட்டிஸ்' வேறு. 'ஐட்டிஸ்' என்பது அழற்சி. ஹெபடைட்டிஸ் என்றால் கல்லீரல் அழற்சி. இரண்டு நோயிலும் மஞ்சள் காமாலை வரலாம். ஆனால் நோய்கள் வெவ்வேறு.

கிரேக்கப் பெயர் கிருமியின் உருவத்தைச் சொல்கிறது. அது வரும் வழியைச் சொல்வதில்லை. மலாய்ப் பெயர் வழியைச் சொல்கிறது. எலிக்காய்ச்சல் என்றதும் எலி கடித்தால்தான் வரும் என்று நினைப்பது தவறு. எலியின் சிறுநீர் கலந்த நீரோ சேறோ காலில் உள்ள கீறல் வழியாகவும், கண், வாய் வழியாகவும் கிருமியை உடலுக்குள் சேர்க்கும். நாய், மாடு ஆகியவற்றின் சிறுநீரிலும் இக்கிருமி இருக்கலாம்.

கிருமி புகுந்த 2 முதல் 30 நாட்களுக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை தோன்றும். தொடக்கத்தில் டெங்கிக் காய்ச்சல் போலவே தெரியும். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகமும் கல்லீரலும் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகளால் குணப்படுத்தலாம். மலேசியாவில் 2010-ஆம் ஆண்டு முதல் மருத்துவர்கள் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களுள் இதுவும் ஒன்றாகும்.

ஆகவே, காய்ச்சலுடன் கிளினிக்கிற்குச் செல்லும் தோட்டத் தொழிலாளி, நீண்ட பெயர் வாயில் வரவில்லையே என்று தயங்கத் தேவையில்லை. "டாக்டர், போன வாரம் வெறுங்காலோடு சேற்றுத் தண்ணீரில் நின்று வேலை செய்தேன்" என்ற ஒரு வார்த்தை போதும். நோயைக் கண்டறிய மருத்துவருக்கு அது பெரும் உதவியாகும்.