மதிப்பும் சட்டமும்

நுழையும்முன்

ஒரு பொருளின் விலையை அதன் பயனும் தேவையும் தீர்மானிக்கின்றன. கையால் தொட இயலாததும் எந்த அரசும் வெளியிடாததுமான ஒரு நாணயத்தின் விலையை எது தீர்மானிக்கிறது? அரசின் கட்டுப்பாடு அவ்விலையை எவ்வாறு மாற்றுகிறது? இவ்வினாக்களுக்கு விடை தருகிறது இக்கட்டுரை.

மதிப்பின் ஊற்று

திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்பென்னாத்தூர் வயல்களில் விளையும் மணிலாவை எண்ணெயாக ஆட்டலாம், விதையாகவும் எடுத்துவைக்கலாம். விலை சரிந்தாலும் அப்பயன் குறைவதில்லை. ரூபாய்த்தாளுக்கு அத்தகைய தனிப்பயன் இல்லை. ஆயினும், இந்திய ரிசர்வ் வங்கியின் உறுதிமொழி அதன் பின்னால் நிற்கிறது. 2009ஆம் ஆண்டு தோன்றிய பிட்காயின் முதலான மறையாக்க நாணயங்களுக்கு இவ்விரண்டும் இல்லை. பிட்காயினின் எண்ணிக்கை 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாது என்னும் விதி அதனை அரிய பொருளாக்குகிறது. நாளை வேறொருவர் அதனை வாங்குவார் என்னும் நம்பிக்கையே அதற்கு விலையைத் தருகிறது. நம்பிக்கையை அசைக்கும் எதுவும் விலையையும் அசைக்கும்.

வாயிலில் நிற்கும் சட்டம்

பிட்காயினின் கணக்கேடு உலகெங்கும் உள்ள கணினிகளில் பரவியிருக்கிறது. ஆதலால், ஓர் அரசு தனித்து நின்று அதனை அழித்துவிட இயலாது. எனினும், கீழ்பென்னாத்தூரில் இருப்பவர் கைப்பேசி வழியே அதனை வாங்க, அவரது வங்கிக் கணக்கிலுள்ள ரூபாய் பரிமாற்று நிறுவனத்துக்குச் செல்ல வேண்டும். விற்றால் திரும்பிவர வேண்டும். ரூபாய் நாணயமாகவும் நாணயம் ரூபாயாகவும் மாறும் அவ்வாயில் அரசின் ஆளுகைக்கு உட்பட்டது.

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி அவ்வாயிலை அடைத்தது. மறையாக்க நாணய வணிகத்துக்கு வங்கிகள் சேவை வழங்கக் கூடாது என்று சுற்றறிக்கை வெளியிட்டது. நாணயம் வைத்திருப்பது குற்றமாக்கப்படவில்லை. ஆயினும், அதனைப் பணமாக்கும் வழி குறுகியது. 2020 மார்ச் 4 அன்று உச்சநீதிமன்றம் அச்சுற்றறிக்கையை நீக்கியது. ஒழுங்குபடுத்தும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு உண்டு. ஆனால், வங்கிகளுக்கு நேர்ந்த கேடு எதுவும் காட்டப்படாத நிலையில் இந்நடவடிக்கை அளவுக்கு மிஞ்சியது என்பது தீர்ப்பின் சாரம்.

வரியின் விளைவு

2022 ஏப்ரல் முதல், இந்நாணயங்களை விற்றுப் பெறும் இலாபத்துக்கு 30 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை முதல், விற்பனைத் தொகையில் 1 விழுக்காடு முன்கூட்டியே பிடித்தம் செய்யப்பட்டது. ஒருவர் ஒரு நாணயத்தில் 1 லட்சம் ரூபாய் இலாபமும் மற்றொன்றில் 1 லட்சம் ரூபாய் இழப்பும் அடைந்தால், அவர் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. இழப்பை ஈடுசெய்ய இடமில்லாததால், 30,000 ரூபாயும் அதன்மீதான கூடுதல் தீர்வையும் செலுத்த வேண்டும். இதனால் இந்தியப் பரிமாற்று நிறுவனங்களில் வணிகம் பெரிதும் குறைந்தது. பலர் அயல்நாட்டு நிறுவனங்களை நாடினர். உலகச் சந்தையின் விலையை இந்திய வரி வீழ்த்தவில்லை. இங்குள்ளவர் கையில் எஞ்சும் பயனையே குறைத்தது.

தெரிந்து தெளிவோம்

2021 செப்டம்பரில் சீனா இந்நாணய வணிகம் முழுவதையும் தடைசெய்தது. பிட்காயின் விலை உடனே சரிந்தது. ஆனால், அவ்வாண்டு நவம்பரிலேயே அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. 2024 ஜனவரியில் அமெரிக்கா பிட்காயின் சார்ந்த முதலீட்டு நிதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. மார்ச்சில் விலை பழைய உச்சத்தைக் கடந்தது.

காக்கும் சட்டம்

கட்டுப்பாடு என்பது தடை மட்டுமன்று. 2023 மார்ச்சில் இந்நாணய நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பதும் ஐயத்துக்குரிய பரிமாற்றங்களை அரசுக்குத் தெரிவிப்பதும் அவற்றின் கடமைகளாயின.

2024இல் இந்தியப் பரிமாற்று நிறுவனம் ஒன்று இணையத் திருட்டுக்கு ஆளானது; வாடிக்கையாளர்களின் கணக்குகள் முடங்கின. அதுதொடர்பான வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், மறையாக்க நாணயம் சட்டப்படியான பணம் அன்று. எனினும் அஃது ஒருவர் உரிமை கொண்டாடத்தக்க சொத்து என்று கூறியது. சொத்து எனில், அதனை இழந்தவர் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட இயலும்.

சட்டம் எந்த நாணயத்துக்கும் நிலையான விலையைத் தருவதில்லை. வரி செலுத்தப்படுவதாலோ நிறுவனம் பதிவு பெற்றிருப்பதாலோ விலை வீழாது என்று கருதுவது பிழை. வாயிலைத் திறக்கவும் அடைக்கவும் அரசால் முடியும். உள்ளே செல்பவரின் உரிமையைக் காக்கவும் முடியும். வாங்கிய விலை நிலைக்குமா என்பதை வாங்குபவரே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.