வசையாகிய பெயர்

பெயரொன்று வசையாகத் திரியுமிடத்து, அதன்பின் ஒரு மக்கட்கூட்டத்தின் துன்பக்கதை மறைந்து கிடத்தல் உண்டு. அண்மையில் என் வகுப்பில், சுருண்ட முடியுடைய மாணவனொருவனைத் தோழன் ‘காப்பிலி’ என்றழைத்து நகைத்தான். கடிய வாயெடுத்தேன், இளமையில் யானும் அவ்வாறு அழைத்தவனே என்பது நினைவுக்கு வர, நாணி நின்றேன். இலண்டன் மாநகரில் ஆபிரிக்க மக்களின் வரலாற்றைத் தெருத்தெருவாக நடந்து காட்டுவோர் உளர். நம்மூரிலும் அது செய்யலாமெனத் துணிந்து, சனிக்கிழமை காலை மாணாக்கரை மட்டக்களப்புக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன்.

1628இல் போர்த்துக்கேயர் கட்டியது, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது என்பவற்றை மாணாக்கர் மடமடவென்று ஒப்புவித்தனர். அவ்விருவரொடும் இந்நாட்டுக்கு வந்த மூன்றாமவரை ஒருவரும் அறிந்திலர். வாவிக்கரை நிழலில் அமர்ந்து சொன்னேன்: அரபு மொழியில் சமயநம்பிக்கை இல்லாரைக் குறித்த சொல்லொன்று, போர்த்துக்கேயர் வாயிலாகக் ‘காப்பிரி’ என நம்மை அடைந்து, பேச்சிற் ‘காப்பிலி’ ஆயிற்று. அது பிறர் இட்ட பெயர். மொசாம்பிக் முதலிய இடங்களிலிருந்து அம்மக்கள் அடிமைகளாகவும் போர்வீரராகவும் கொணரப்பட்டனர். கொழும்பின் கொம்பனித்தெரு நெடுங்காலம் ஆங்கிலத்தில் ‘அடிமைத் தீவு’ என வழங்கியதும் ஒல்லாந்தர் கால அடிமைகளாலேயாம். 1844இலேதான் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. புத்தளத்துச் சிறாம்பியடியில் இன்றும் வாழும் அவர்தம் வழித்தோன்றல்கள் அப்பெயரைக் கூசாது தம் பெயராகக் கொள்கின்றனர். இழிவு நம் நாவிலன்றோ இருக்கின்றது!

பின்னர்க் கல்லடிப் பாலங் கடந்து, 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை பறங்கியர் பலரைக் கொண்டுசென்ற டச்பார் கடற்கரையை அடைந்தோம். ஆங்கே பறங்கிப் பெரியவரொருவர் எமக்காக வயலினில் ‘கபிரிஞ்ஞா’ இசைத்தார். அவர்தம் திருமண வீடுகளில் ஆடப்பெறும் அவ்வாடலின் பெயரும் காப்பிரி என்பதன் அடியாகப் பிறந்ததே. மாணாக்கரின் கால்கள் தாமே தாளமிட்டன.

நகைத்த மாணவன் மெல்ல வினவினான்: “ஐயா, இந்த ஆட்டத்தின் பெயரிலும் அந்தச் சொல்தானா இருக்கிறது?”

“ஆம், தம்பி.”

அவன் மறுமொழி கூறாது, தோழனருகே சென்று அமர்ந்தான்.

ஆசிரிய அன்பர்களே, நும் ஊரிலும் இத்தகைய பெயரொன்று இருக்கும். மாணாக்கரை அழைத்துக்கொண்டு அதன் வழியே நடந்து பாருங்கள்.