கைப்பேசிக்குள் 'கோ' விளையாட்டு: பிள்ளைகளை யோசிக்க வைக்குமா?

பிள்ளைகள் கையில் கைப்பேசி இருந்தாலே பெற்றோருக்கு நிம்மதி இருப்பதில்லை. சண்டை, சத்தம், இடையிடையே விளம்பரம் என்று ஓடும் விளையாட்டுகளே அதில் அதிகம். ஆனால் அதே கைப்பேசியில் சத்தமில்லாமல் ஒரு மணி நேரம் யோசிக்க வைக்கும் விளையாட்டும் இருக்கிறது. அதன் பெயர் 'கோ'. எதிரே ஆள் வேண்டியதில்லை. கணினியே நம்மோடு ஆடும். இது அறிவை வளர்க்குமா, யோசிக்கும் பழக்கத்தைக் கெடுக்குமா என்பது நாம் அதைப் பயன்படுத்தும் முறையில்தான் இருக்கிறது.

ஆட்டம் எப்படி?

சீனாவில் தோன்றிய இந்த ஆட்டத்திற்கு 2500 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. சீனர்கள் வெய்ச்சி என்றும், கொரியர்கள் படுக் என்றும் அழைக்கின்றனர். பலகையில் குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள். அவை சந்திக்கும் 361 புள்ளிகளில்தான் காய்களை வைக்க வேண்டும். ஒருவருக்குக் கறுப்பு, மற்றவருக்கு வெள்ளை. கறுப்பு முதலில் ஆடும். வைத்த காய் நகராது.

ஒரு காயைச் சுற்றியுள்ள காலிப் புள்ளிகளே அதன் உயிர். அவற்றைச் சீனர்கள் 'மூச்சு' என்ற பொருள் தரும் சொல்லால் குறிப்பிடுகின்றனர். எதிரி எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால் அந்தக் காய் பலகையை விட்டு அகற்றப்படும். ஆடு புலி ஆட்டத்தில் புலியை ஆடுகள் சுற்றி அடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆனால் வெட்டுவது மட்டும் நோக்கமல்ல. முடிவில் யார் அதிக இடத்தை வளைத்து வைத்திருக்கிறாரோ அவரே வெற்றியாளர்.

கணினி தடுமாறிய காலம்

சதுரங்கத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவைக் கணினி 1997இலேயே வென்றுவிட்டது. கோ விளையாட்டில் அது நடக்கவில்லை. காரணம், வாய்ப்புகளின் எண்ணிக்கை. சதுரங்கத்தில் ஒரு நேரத்தில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம் என்றால், கோவில் சுமார் 250. பலகையில் விதிப்படி அமையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கையே 171 இலக்கங்கள் கொண்டது. எல்லாவற்றையும் எண்ணிப் பார்க்க எந்தக் கணினியாலும் முடியாது.

2006 வாக்கில் ஒரு புதிய வழி பிறந்தது. ஒரு நிலையிலிருந்து ஆட்டத்தை ஆயிரக்கணக்கான முறை மனம்போன போக்கில் முடிவு வரை ஆடிப் பார்த்து, எந்த நகர்வில் வெற்றி அதிகம் கிடைக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பதே அந்த வழி. இதனால் கணினியின் தரம் வேகமாக உயர்ந்தது. ஆனாலும் தொழில்முறை வீரர்களிடம் சில காய்களைச் சலுகையாக வாங்கிக்கொண்டுதான் அதனால் வெல்ல முடிந்தது.

சியோலில் நடந்த மாற்றம்

2016 மார்ச்சில் தென்கொரியாவின் சியோல் நகரில், டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ நிரல், புகழ்பெற்ற வீரர் லீ செடோலை 4-1 என்ற கணக்கில் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் அது வைத்த 37ஆவது காய், பார்த்த நிபுணர்களைத் திகைக்க வைத்தது. நான்காம் ஆட்டத்தில் லீ செடோல் வைத்த 78ஆவது காயோ கணினியையே குழப்பி அவருக்கு வெற்றி தேடித் தந்தது. 2017இல் வெளிவந்த ஆல்ஃபாகோ ஸீரோ, மனிதர்கள் ஆடிய ஆட்டம் ஒன்றையும் பாராமல், விதிகளை மட்டும் வைத்துத் தன்னோடு தானே ஆடிக் கற்றது.

கைப்பேசிக்குள் எப்படி வந்தது?

இத்தனை பெரிய திறமை சின்னக் கைப்பேசிக்குள் எப்படி அடங்கும் என்ற கேள்வி எழலாம். பாரம் முழுவதும் கற்பதில்தான் இருக்கிறது. பல லட்சம் ஆட்டங்களை ஆடிக் கற்கப் பெரிய கணினிகள் வேண்டும். கற்று முடித்த பின் மிஞ்சுவது ஒரு கோப்பு மட்டுமே. அதைக் கைப்பேசியில் போட்டுக்கொண்டால் போதும். லீலா ஸீரோ, கட்டாகோ போன்ற நிரல்கள் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும் வகையில் இலவசமாகவே வெளியிடப்பட்டன.

கணினியும் தோற்கும்

கணினி சொல்வதெல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. 2023இல் கெல்லின் பெல்ரின் என்ற அமெரிக்கர், தொழில்முறை வீரர் அல்லாதவர், கட்டாகோவை 15 ஆட்டங்களில் 14 முறை வென்றார். வேறு மூலைகளில் அதன் கவனத்தைத் திருப்பிவிட்டு, அதன் காய்க் கூட்டம் ஒன்றை மெதுவாகப் பெரிய வளையமாகச் சுற்றி வளைத்தார். மனிதக் கண்ணுக்கு எளிதில் தெரியும் அந்த வளையம் கணினிக்குத் தெரியவில்லை. அந்தப் பலவீனத்தைக் கண்டுபிடித்ததும் இன்னொரு கணினி நிரலே.

எங்கே கவனம் தேவை?

2020இல் கொரியாவில் 13 வயதே ஆன ஒரு தொழில்முறை வீராங்கனை, இணையவழி ஆட்டத்தில் கணினியின் உதவியைப் பெற்றது தெரியவந்து ஓராண்டு தடை செய்யப்பட்டார். திறமை இல்லாதவர் அல்ல அவர். விடை பக்கத்திலேயே இருக்கும்போது திறமையுள்ள பிள்ளையும் வழுக்கிவிடும் என்பதே இதில் நாம் பெற வேண்டிய பாடம். பிறரோடு ஆடும்போது இதற்குப் பெயர் மோசடி. தனியாக ஆடும்போது இதனால் ஏமாறுவது நாமேதான்.

ஆகவே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முன் சிலவற்றைக் கவனிப்போம்.

முதலில் 9 கோடுகள் கொண்ட சிறிய பலகையில் தொடங்கட்டும். ஓர் ஆட்டம் சீக்கிரம் முடியும். தோல்வியும் பெரிதாக வலிக்காது.

கணினியின் தரத்தைக் குறைத்து வைப்பதைவிட, தொடக்கத்தில் சில காய்களைச் சலுகையாக எடுத்துக்கொள்வது நல்லது. தரத்தைக் குறைத்தால் சில செயலிகள் வேண்டுமென்றே அர்த்தமற்ற இடங்களில் காய் வைக்கும். பிள்ளை அதையே பழகிக்கொள்ளும். சலுகைக் காய்களோ ஒவ்வொன்றாகக் குறையும்போது, தான் முன்னேறுவது பிள்ளைக்கே தெரியும்.

வைத்த காயைத் திரும்ப எடுக்கும் வசதியையும், அடுத்த நகர்வைக் காட்டும் வசதியையும் ஆட்டம் முடியும் வரை தொட வேண்டாம். முடிந்த பின், "எந்த இடத்தில் தவறினாய்?" என்று முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். அதன் பிறகு கணினியின் பதிலைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அதற்குக் கிடைக்கும் மகிழ்ச்சி தனி.

நேரத்தை நிமிடக் கணக்கில் வரையறுப்பதைவிட, "இரண்டு ஆட்டம்" என்று வரையறுப்பது எளிது. பாதியில் பிடுங்கும் சண்டையும் இருக்காது.

கணினி நன்றாக ஆடும். ஆனால் தோற்ற பிள்ளையின் முகம் வாடியதை அது பார்க்காது. ஆகவே வாரத்தில் ஒரு நாளாவது கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு தாளில் கோடு போட்டு, இரு நிறப் பொத்தான்களை எடுத்துக்கொண்டு நாமே பிள்ளையின் எதிரே உட்காருவோம். நாம் தோற்றாலும் லாபம்தான்.